ஈறில் எலும்பு வைக்க வேண்டும் என்கிறார்களா? உதடு, அண்ணப் பிளவோடு பிறந்த பிள்ளையின் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

உதட்டைத் தைத்தாயிற்று, அண்ணத்தையும் மூடியாயிற்று, பெரிய வேலையெல்லாம் முடிந்தது என்று பெற்றோர் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போது, பிள்ளைக்கு ஏழெட்டு வயது ஆகும் சமயத்தில் மருத்துவர் புதிதாக ஒன்றைச் சொல்வார்: ஈறில் எலும்பு வைக்க வேண்டும், இடுப்பிலிருந்து எடுத்து வைப்போம். நிறையப் பேர் இந்த இடத்தில்தான் திகைத்துப்போகிறார்கள். வாயில் இருக்கிற குறைக்கு இடுப்பில் எதற்குக் கை வைக்கிறார்கள், முகம் பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது, இன்னும் நாலு வருடம் தள்ளிப்போட்டால் என்ன என்று கேள்விகள் வரிசையாக வரும். நான் மருத்துவர் இல்லை, இந்தப் பாதையில் போய்வந்த ஒரு பிள்ளையின் பெற்றோர். உங்கள் மருத்துவர் முன்னால் உட்காரும்போது எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்து உட்காருங்கள், அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அங்கே என்ன குறை என்று முதலில் புரிந்துகொள்ளுங்கள்

பிள்ளையின் மேல் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். மேல் பற்கள் எல்லாம் ஊன்றி நிற்பது வளைவான ஓர் எலும்பில். பிளவோடு பிறந்த பிள்ளைகள் பலருக்கு இந்த வளைவு ஓரிடத்தில் அறுந்திருக்கும், பெரும்பாலும் பக்க வெட்டுப்பல்லுக்கும் (நடு முன்பல்லுக்கு அடுத்த பல்) கோரைப்பல்லுக்கும் நடுவில், அல்லது பக்க வெட்டுப்பல் வரவேண்டிய இடத்திலேயே. குழந்தையாக இருந்தபோது உதட்டில் தோலையும் தசையையும் சேர்த்துத் தைத்தார்கள், அண்ணத்தில் சவ்வையும் தசையையும் சேர்த்தார்கள். ஈறுக்குள் இருக்கும் எலும்பு இடைவெளியை அந்த இரண்டு அறுவையிலும் பொதுவாகத் தொடுவதில்லை. அது அப்படியே இருக்கிறது, மேலே உதடு மூடியிருப்பதால் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

அந்த இடைவெளியால் என்னென்ன ஆகிறது? இரண்டு பக்கமும் இருக்கும் பற்களுக்குப் பிடிமானம் குறைவு. பிளவை ஒட்டிய முன்பல்லின் வேர்மேல் காகிதம் போல மெல்லிய எலும்புதான் இருக்கும். கோரைப்பல் இறங்கி வர வழியில்லை, எலும்பு இருந்தால்தான் பல் அதற்குள் நகர்ந்து வரும். அந்தப் பக்க மூக்கின் அடிப்பகுதிக்குத் தாங்கல் இல்லாததால் மூக்கு ஒரு பக்கம் தாழ்ந்து தெரியும். உதட்டுக்குப் பின்னால் வாயையும் மூக்கையும் இணைக்கும் சின்ன ஓட்டை ஒன்று மிச்சம் இருந்தால் தண்ணீர் குடிக்கும்போது மூக்கு வழியாகக் கசியும். இரண்டு பக்கமும் பிளவு உள்ள பிள்ளைகளுக்கு முன்பற்கள் இருக்கும் நடு எலும்புத் துண்டு எதோடும் ஒட்டாமல் ஆடிக்கொண்டே இருக்கும்.

எலும்பு வைப்பது இத்தனைக்கும் சேர்த்துத்தான். அழகுக்காகச் செய்வது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், மூக்கின் அடி கொஞ்சம் நிமிர்வது கூடக் கிடைக்கும் லாபம், அவ்வளவே.

எல்லோருக்கும் இது தேவைப்படாது. அண்ணத்தில் மட்டும் பிளவு, ஈறு முழுசாக இருக்கிறது என்றால் இந்த அறுவைக்கு வேலையே இல்லை. உதட்டில் மட்டும் பிளவு இருந்து ஈறில் லேசான பள்ளம் மட்டும் இருக்கும் பிள்ளைகளுக்கு எக்ஸ்ரே பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

எப்போது? பிறந்தநாளை விட்டுவிட்டு எக்ஸ்ரேயைப் பாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

கைக்குழந்தையாக இருக்கும்போதே எலும்பையும் வைத்துவிடலாமே என்று தோன்றும். 1950களிலும் 60களிலும் பல இடங்களில் அதைத்தான் செய்து பார்த்தார்கள். அந்தப் பிள்ளைகள் வளர்ந்தபோது மேல்தாடை முன்னோக்கி வளராமல் பின்தங்கிப்போனது தெரியவந்தது, அதனால் பெரும்பாலான குழுக்கள் அந்த முறையைக் கைவிட்டன. 1972இல் பாய்ன், சாண்ட்ஸ் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள், பால் பல்லும் நிரந்தரப் பல்லும் கலந்திருக்கும் வயதில், கோரைப்பல் இறங்குவதற்கு முன்னால் எலும்பு வைக்கும் முறையை எழுதினார்கள். 80களில் நார்வேயின் ஆஸ்லோ குழு நிறையப் பிள்ளைகளுக்கு அதைச் செய்து, பற்கள் அந்தப் புது எலும்பு வழியாக இறங்கி வருவதைக் காட்டியது. இன்று உலகெங்கும் பெரும்பாலும் நடப்பது இந்த வழிதான்.

அந்த வயதில் என்ன விசேஷம் என்றால், எட்டு ஒன்பது வயதுக்குள் மேல்தாடையின் முன்பகுதி அகலத்திலும் முன்னோக்கியும் பெரும்பகுதி வளர்ந்து முடிந்திருக்கும், அதன்பின் அங்கே கத்தி வைத்தால் வளர்ச்சிக்குப் பெரிய கேடு இல்லை. இன்னொரு பக்கம் கோரைப்பல் வழக்கமாக 11, 12 வயதில் வெளியே வரும். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் சின்ன ஜன்னல்தான் நமக்குக் கிடைக்கும் நேரம். எக்ஸ்ரேயில் கோரைப்பல்லின் வேர் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரை உருவாகியிருக்கும் கட்டத்தைத்தான் பல குழுக்கள் தேடுகின்றன. பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது 8 முதல் 11 வயதுக்குள் எங்கோ விழும். ஆனால் ஒரே வயதுள்ள இரண்டு பிள்ளைகளின் பற்கள் ஒரே வேகத்தில் வளர்வதில்லை, பிளவுள்ள பக்கத்தில் பல் தாமதமாக வருவதும் சகஜம். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஒன்பதில் செய்தார்கள், நம் பிள்ளைக்கு ஏன் இன்னும் சொல்லவில்லை என்று தவிக்க வேண்டாம்.

சில பிள்ளைகளுக்குப் பிளவை ஒட்டி நல்ல உருவத்தோடு ஒரு பக்க வெட்டுப்பல் இருக்கும். அதைக் காப்பாற்ற வேண்டும் என்றால் கோரைப்பல்லுக்காகக் காத்திருக்க முடியாது, ஐந்து முதல் ஏழு வயதுக்குள்ளேயே செய்யும் குழுக்கள் உண்டு. அதனால் ஆறு ஆறரை வயதிலேயே ஒரு தடவை பல் எக்ஸ்ரே எடுத்து, என்னென்ன பற்கள் உள்ளே இருக்கின்றன என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நானாக இருந்தால் மருத்துவர் சொல்லும்வரை காத்திருக்காமல் நானே கேட்பேன்.

பல் வெளியே வந்த பிறகு செய்தால் என்ன? செய்யலாம், பெரியவர்களுக்கும் செய்கிறார்கள். ஆனால் பலன் குறையும். பல் எலும்பில்லாத பிளவுக்குள் இறங்கிவிட்டால் அந்தப் பக்க வேர் வெறுமையாகிவிடும், வெறுமையான வேர்மேல் பிறகு வைக்கும் எலும்பு ஒட்டாது. அதே பல், வைத்த எலும்புக்குள் புகுந்து இறங்கினால் தன்னைச் சுற்றி எலும்பைத் தானே உயிரோடு வைத்துக்கொள்ளும். பல் இல்லாத இடத்தில் வைத்த எலும்பு வேலை இல்லாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். அதனால்தான் தேதியைப் பல் பார்த்துக் குறிக்கிறார்கள்.

படி 1: யாரெல்லாம் ஒன்றாகப் பேச வேண்டும்

அறுவை நிபுணர் ஒருவர் மட்டும் இருந்தால் போதாது. பல் வரிசையைச் சீராக்கும் மருத்துவர், அதாவது கிளிப் போடுபவர், இந்த விஷயத்தில் அவருக்குச் சமமான ஆள். இருவரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்கிறார்களா என்று பாருங்கள். ஒருவர் அடுத்த மாதம் அறுவை என்கிறார், இன்னொருவர் இன்னும் தாடையை விரிக்கவே ஆரம்பிக்கவில்லை என்றால் நடுவில் மாட்டிக்கொள்வது நீங்கள்தான். பிளவு சிகிச்சைக்கென்று தனிக் குழு இருக்கும் இடத்தில் இந்தத் தொல்லை குறைவு.

படி 2: பல்லைத் தயார் செய்வது

அறுவைக்கு முந்தைய ஆறு மாதம், ஒரு வருடம் பெரும்பாலும் இதில் போகும். மூன்று வேலைகள் இருக்கின்றன, மூன்றுக்கும் காரணம் தெரிந்திருந்தால் பொறுமை வரும்.

சொத்தை. வாயில் சொத்தைப் பல்லும் வீங்கிய ஈறும் இருக்கும்போது எலும்பு வைத்தால் கிருமி தொற்றி எலும்பு வீணாகப் போகலாம். பிளவுக்குப் பக்கத்துப் பற்கள் திரும்பியும் சாய்ந்தும் இருப்பதால் பிரஷ் சரியாகப் போகாது, பிள்ளையும் அந்த இடத்தைத் தொடப் பயப்படும். இந்த வயதில் அதன் கையில் மட்டும் விட்டுவிடாமல், இரவில் ஒரு தடவையாவது நீங்களே உதட்டைத் தூக்கிப் பிடித்துத் தேய்த்துவிடுங்கள். எத்தனை பெரிய நிபுணர் செய்தாலும் அழுக்கு வாயில் வைத்த எலும்பு நிற்காது, இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் போதாது.

அடுத்தது, வேண்டாத பற்கள். பிளவின் ஓரத்தில் கூடுதல் பல் ஒன்று முளைத்திருப்பது அடிக்கடி நடக்கும். ஆட்டம் கண்ட பால் பற்களும் இருக்கும். எடுக்க வேண்டியவற்றை அறுவைக்குச் சில வாரங்கள், வழக்கமாக ஆறு முதல் எட்டு வாரங்கள் முன்பே எடுத்துவிடுவார்கள். அப்போதுதான் ஈறு ஆறி, எலும்பை மூட நல்ல சதை கிடைக்கும்.

மூன்றாவது, தாடையை விரிப்பது. பிளவின் பக்கமுள்ள துண்டு உள்ளே மடிந்து, மேல் பற்கள் கீழ்ப் பற்களுக்கு உட்புறமாகக் கடிக்கும். அதைச் சரிசெய்ய அண்ணத்தில் ஒரு விரிப்புக் கம்பி மாட்டுவார்கள், சில மாதங்கள் ஆகும். விரிந்தால் அறுவை நிபுணருக்கு உள்ளே வேலை செய்ய இடம் கிடைக்கும். இங்கே பல பெற்றோர் பயந்துபோகும் ஒரு விஷயம்: விரிக்க விரிக்க, இதுவரை தெரியாமலிருந்த ஓட்டை பெரிதாகத் தெரியும், குடித்த தண்ணீர் முன்பைவிட அதிகமாக மூக்கில் வரும். புதிதாக எதுவும் கிழிந்துவிடவில்லை. மடிந்து மூடியிருந்த இடைவெளி விரிந்து வெளியே வருகிறது, அறுவையில் அதையும் சேர்த்து மூடுவார்கள். விரித்து முடிந்ததும் கம்பியைக் கழற்றிவிட மாட்டார்கள், எலும்பு பிடிக்கும்வரை அதோ வேறொரு கம்பியோ இடத்தைப் பிடித்து வைத்திருக்க வேண்டும்.

முன்பல் கோணலாக இருக்கிறதே, அதையும் இப்போதே நேராக்கிவிடுங்கள் என்று கேட்காதீர்கள். பிளவை ஒட்டிய பல்லின் வேருக்கு மேல் எலும்பு மெல்லியது என்று சொன்னேன் அல்லவா, எலும்பு வைக்கும் முன் அந்தப் பல்லை அவசரமாகத் திருப்பினால் வேர் பிளவுக்குள் வெளியே வந்துவிடும். கொஞ்ச நாள் கோணலாக இருக்கட்டும்.

படி 3: எலும்பு எங்கிருந்து, ஏன் இடுப்பு

நாம் பெல்ட் கட்டும் இடத்துக்குக் கொஞ்சம் கீழே, முன்பக்கம் தொட்டால் தட்டுப்படும் இடுப்பெலும்பின் விளிம்புதான் அதிகம் பயன்படுவது. விளிம்பில் சின்னதாக வெட்டி, மேலிருக்கும் குருத்தெலும்பை மூடி போலத் திறந்து, உள்ளே இருக்கும் பஞ்சு போன்ற மென்மையான எலும்பைச் சுரண்டி எடுத்துக்கொண்டு மூடிவிடுவார்கள். அந்தப் பஞ்செலும்பில் உயிருள்ள செல்கள் நிறைய, புது இடத்தில் ரத்தக் குழாய்கள் அதற்குள் சீக்கிரம் நுழையும். தேவைப்படுவது சில மில்லிலிட்டர் அளவுதான். முழங்காலுக்குக் கீழே காலெலும்பு, கீழ்த்தாடையின் முன்பகுதி, மண்டையோடு, விலா ஆகியவற்றிலிருந்தும் எடுப்பதுண்டு, ஒவ்வொரு குழுவுக்கும் பழக்கப்பட்ட இடம் ஒன்று இருக்கும்.

இடுப்பில் எடுத்தால் பிள்ளை நொண்டுமா, உயரம் குறையுமா? நிரந்தரமாக நொண்டுவதற்கோ உயரம் குறைவதற்கோ காரணமில்லை, எடுத்த குழியில் எலும்பு திரும்ப வளர்ந்து நிரம்பும். சில நாள் விந்தி நடப்பது இருக்கும். தொடையின் வெளிப்பக்கம் மரத்துப்போவது சிலருக்கு வரும், பெரும்பாலும் போய்விடும், அரிதாக நிலைக்கும். சில சென்டிமீட்டர் நீளத் தழும்பு மிஞ்சும், உள்ளாடைக்குள் மறைகிற இடத்தில்.

இடுப்பைத் தொடாமல் செய்ய முடியாதா என்று எல்லோரும் கேட்கிறோம். எலும்பை வளரத் தூண்டும் பிஎம்பி-2 என்ற புரதத்தைப் பஞ்சில் நனைத்து வைக்கும் முறை இருக்கிறது. இடுப்பு வலி மிச்சம், ஆனால் வாயில் வீக்கம் கடுமையாக வரலாம், வளரும் பிள்ளைகளுக்கு அதைக் கொடுப்பதில் மருத்துவர்கள் இடையே ஒத்த கருத்தும் இல்லை. செயற்கை எலும்புத் தூள்களில் ஒரு சிக்கல், அதற்குள் பல் இறங்கி வருமா என்பது. இவற்றோடு ஒப்பிடும்போது சொந்த எலும்பையே பலரும் இன்றும் முதலில் நாடுகிறார்கள். யாராவது மாற்றுப் பொருள் வைக்கலாம் என்றால், ஏன் என் பிள்ளைக்கு அது நல்லது, பல் இறங்குவதற்கு அது தடையாகாதா என்று நேராகக் கேளுங்கள்.

படி 4: அறுவைக்கு முந்தைய நாட்கள்

முதல் இரண்டு அறுவைகளின்போது பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது, தூக்கிக்கொண்டு போனோம். இந்தத் தடவை எல்லாம் தெரிகிற வயது. வலிக்காது என்று பொய் சொல்லி அழைத்துப்போவதைவிட, தூங்க வைத்துச் செய்வார்கள், எழுந்ததும் வாயைவிட இடுப்பு வலிக்கும், மருந்து தருவார்கள், சில நாளில் சரியாகிவிடும் என்று உள்ளதைச் சொல்வது நல்லது. இடுப்பில் கட்டு எதற்கு என்று எழுந்த பிறகு தெரிந்தால் அந்தக் கோபம் நியாயமானதுதான்.

சளி, இருமல், காய்ச்சல் இருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், தேதி தள்ளிப்போனால் போகட்டும். முழு மயக்கம் கொடுப்பதற்கும் மூக்குத் தரையை, அதாவது மூக்கின் உள் அடிப்பகுதியைத் தைப்பதற்கும் சளி ஆகாது. இதயக் கோளாறு, ரத்தம் உறையாத தொல்லை, முந்தைய மயக்க மருந்தில் வந்த பிரச்சினை, சாப்பிடும் மாத்திரைகள், ஒவ்வாமை எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். எத்தனை மணியிலிருந்து வெறும் வயிறு என்று மயக்க மருத்துவர் சொல்வதை அப்படியே கடைப்பிடியுங்கள்.

வீட்டில் செய்து வைக்க வேண்டியவை சில. இடுப்பில் இறுக்காத தளர்வான உடைகள், இறுக்கமான எலாஸ்டிக் சரியாகத் தையல் மேலேயே வந்து உரசும். மிக மென்மையான சின்னத் தலை பிரஷ். அப்புறம் ஒரு பயிற்சி, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முவது. விளையாட்டாக முன்கூட்டியே பழக்கிவிடுங்கள், பிறகு சொல்லிக்கொடுத்தால் ஞாபகம் வராது.

படி 5: உள்ளே என்ன நடக்கிறது

மொத்தம் ஒன்றரை மணியிலிருந்து மூன்று மணி நேரம் வரை ஆகலாம், இரண்டு பக்கப் பிளவு என்றால் கூடும். ஈறின் சதையைப் பிளவின் இரண்டு பக்கமும் பிரித்துத் தூக்கி, மூக்குப் பக்கச் சவ்வை மேலே தள்ளித் தைத்து மூக்கின் தரையை உருவாக்குவார்கள். அண்ணத்துப் பக்கமும் மூடுவார்கள். இப்போது மேற்பக்கமும் பின்பக்கமும் மூடிய ஒரு பை கிடைக்கும். அதற்குள் இடுப்பிலிருந்து எடுத்த எலும்பை நன்றாக அழுத்தி நிரப்பி, பக்கத்து ஈறை நகர்த்தி மேலே மூடித் தைப்பார்கள். கன்னத்தின் உட்சதையை விட, பல்லைச் சுற்றி இருக்கும் கெட்டியான ஈறையே நகர்த்தி மூடப் பார்ப்பார்கள், பின்னால் அதன் வழியாகத்தான் பல் வெளியே வரவேண்டும். எங்கேயும் இழுபறியில்லாமல், ஓட்டை விழாமல் மூடியிருப்பதுதான் எலும்பு பிழைப்பதற்கு முக்கியம்.

படி 6: முதல் சில நாட்கள்

முகம் வீங்கும், இரண்டாம் மூன்றாம் நாளில் அதிகமாகத் தெரிந்து பிறகு வடியும். மூக்கிலிருந்து ரத்தம் கலந்த நீர் கொஞ்சம் கசியும். இடுப்பு வலிக்கு மருந்தைப் பிள்ளை அழும்வரை காத்திருந்து கொடுக்காமல், சொன்ன நேரத்துக்குக் கொடுங்கள். பல இடங்களில் இடுப்புக் காயத்திலேயே மரத்துப்போகும் மருந்தைச் செலுத்திவிடுகிறார்கள், முதல் நாள் அதனால் நன்றாகப் போகும், அது தீர்ந்ததும் வலி தெரியும், எதிர்பார்த்து இருங்கள். அடுத்த நாளே நடக்கச் சொல்வார்கள். பாவம் என்று படுக்கவைத்தால் விறைப்புதான் கூடும், கையைப் பிடித்துக்கொண்டு கழிப்பறை வரையாவது நடக்கவிடுங்கள். ஓரிரு இரவு தங்கிவிட்டு வீடு திரும்புவது வழக்கம்.

படி 7: வீட்டில், முதல் ஆறு வாரம்

அறுவை நிபுணர் தன் வேலையை முடித்துவிட்டார், இனி எலும்பைக் காப்பது வீட்டில் இருப்பவர்கள்தான். குழுவுக்குக் குழு கால அளவு மாறும், உங்கள் மருத்துவர் எழுதிக்கொடுத்ததே கணக்கு. பொதுவாக இப்படி இருக்கும்:

சாப்பாடு முதலில் திரவமாக, பிறகு மெல்லத் தேவையில்லாத கூழ் பதத்தில், அப்புறம் மெதுவாக மென்மையான உணவு. கடித்து உடைக்கும் எதுவும் சில வாரங்களுக்கு முன்பற்களின் பக்கமே போகக்கூடாது. ஸ்ட்ரா வேண்டாம், உறிஞ்சும் இழுப்பு தையலைப் பதம் பார்க்கும். ஒவ்வொரு தடவை சாப்பிட்ட பிறகும் தண்ணீரால் வாய் கொப்பளிக்க வேண்டும், கொடுத்த மவுத்வாஷை ஓங்கிக் கொப்பளிக்காமல் மெதுவாக வாயில் உருட்டித் துப்ப வேண்டும்.

மூக்கைச் சிந்தக்கூடாது, இரண்டு மூன்று வாரத்துக்காவது. மூடிய மூக்குத் தரையில் காற்று அழுத்தினால் தையல் விடும். ஒழுகினால் துடைக்கலாம்.

பிரஷ்: தையல் இருக்கும் இடத்தை மட்டும் மருத்துவர் சொல்லும்வரை விட்டுவிட்டு, மற்றப் பற்களை முதல் நாளிலிருந்தே தேய்க்க வேண்டும். வாயில் அறுவை ஆகியிருக்கிறது, பல் தேய்க்க வேண்டாம் என்று இரக்கப்பட்டு விடுவதுதான் வீடுகளில் நடக்கும் பெரிய தவறு. அழுக்கு சேர்ந்து, ஈறு வீங்கி, தையல் பிரிந்து, எலும்பு வெளியே தெரிவது பெரும்பாலும் இப்படி ஆரம்பிப்பதுதான். நாக்கால் அந்த இடத்தைத் துழாவுவதும் விரல் வைத்துப் பார்ப்பதும் கூடாது, உதட்டை இழுத்து இழுத்து உறவினர்களுக்குக் காட்டுவதும்தான்.

பள்ளிக்கு ஒன்றிரண்டு வாரத்தில் போகலாம். ஓட்டம், பந்து, சைக்கிள், தள்ளுமுள்ளு விளையாட்டு எல்லாம் ஆறு வாரம் போல் நிறுத்தம், முகத்துக்கு மட்டுமில்லாமல் இடுப்பெலும்புக்கும் அடி படக்கூடாது.

துப்பும்போது மணல் போல ஓரிரண்டு எலும்புத் துகள் வரலாம், அதற்குப் பதற வேண்டாம். ஆனால் துகள் தொடர்ந்து வந்தாலோ, தையல் திறந்து வெள்ளையாக எலும்பு தெரிந்தாலோ, சீழ் அல்லது நாற்றம், காய்ச்சல், நிற்காத ரத்தம், மூடியிருந்த ஓட்டை வழியாக மறுபடி தண்ணீர் மூக்கில் வருவது, இடுப்புக் காயம் சிவந்து வீங்குவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அடுத்த சோதனைத் தேதிவரை காத்திருக்காமல் அன்றே கூப்பிடுங்கள். தையல் கொஞ்சம் திறந்தாலே எல்லாம் போச்சு என்று அர்த்தமில்லை, சீக்கிரம் காட்டினால் சுத்தம் செய்து, மருந்து கொடுத்து, எலும்பின் பெரும்பகுதியைக் காப்பாற்றிவிடுகிறார்கள்.

படி 8: எலும்பு பிடித்ததா என்று பார்ப்பது

மூன்றாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதத்துக்குள் எக்ஸ்ரே எடுப்பார்கள், சில இடங்களில் முப்பரிமாண சிபிசிடி ஸ்கேன். இரண்டு பற்களுக்கு நடுவில் எலும்பு எவ்வளவு உயரத்துக்கு நிற்கிறது என்பதை நான்கு தரமாகப் பிரிப்பது ஆஸ்லோ குழுவின் பெர்க்லாண்ட் பெயரில் வழங்கும் அளவுகோல். முதல் தரம் கிட்டத்தட்ட இயல்பான உயரம், இரண்டாவது முக்கால் பங்குக்குக் குறையாதது, மூன்றாவது அதைவிடக் குறைவு, நான்காவதில் எலும்புப் பாலமே இல்லை. முதல் இரண்டும் நல்ல முடிவு. வைத்த எலும்பில் ஒரு பகுதி கரைவது எல்லோருக்கும் நடக்கும், அதனால் கரைந்திருக்கிறதா என்று கேட்காமல் எத்தனையாவது தரம், கோரைப்பல் வருவதற்குப் போதுமா என்று கேளுங்கள்.

எலும்பு பிடித்தபிறகு கிளிப் வேலை திரும்பத் தொடங்கும், பெரும்பாலும் மூன்று மாதத்தை ஒட்டி. அறுவை நன்றாக முடிந்ததே, இனி மெதுவாகப் போகலாம் என்று பல் மருத்துவரிடம் போவதை ஒரு வருடம் விட்டுவிடுகிறவர்கள் உண்டு, அது நஷ்டம். பல் நகர்ந்து வந்து வேலை கொடுத்தால்தான் அந்த எலும்பு நிலைக்கும். கோரைப்பல் பலருக்குத் தானாகவே இறங்கி வரும். சிலருக்கு வழியில் சிக்கிக்கொள்ளும், அப்போது ஈறைச் சின்னதாகத் திறந்து, பல்லில் ஒரு கொக்கி ஒட்டி, கிளிப்போடு இணைத்து மெதுவாக இழுப்பார்கள்.

பக்க வெட்டுப்பல் பிறவியிலேயே இல்லாத பிள்ளைகள் நிறையப் பேர். அந்த இடத்துக்கு இரண்டு வழி: கோரைப்பல்லையே முன்னுக்கு நகர்த்தி, வடிவம் மாற்றி அங்கே நிறுத்துவது, அல்லது இடத்தைக் காலியாக வைத்திருந்து வளர்ச்சி முழுதும் நின்ற பிறகு செயற்கைப் பல் பொருத்துவது. இம்பிளான்ட், அதாவது எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல் வேர், வைப்பது என்றால் பதின்வயதின் முடிவுவரை காத்திருக்க வேண்டும், அதற்குள் காலியிடத்தில் எலும்பு மெலிந்து, இன்னொரு தடவை கொஞ்சம் எலும்பு வைக்க நேரலாம். என் சொந்த அபிப்பிராயம், கடி பொருந்துமானால் முதல் வழிக்கே ஒரு தடவை நன்றாகக் கேட்டுப் பாருங்கள். ஆனால் கீழ்த்தாடை, முகவாட்டம் எல்லாம் பார்த்துத்தான் இதை முடிவு செய்ய முடியும்.

எலும்பு பிடிக்காமல் போனால்? திரும்ப வைக்கலாம். ஈறு முழுதும் ஆறுவதற்குச் சில மாதங்கள், ஆறு மாதமோ அதற்கு மேலோ, இடைவெளி விட்டு, முதல் தடவை ஏன் போனது என்று கண்டுபிடித்துவிட்டுச் செய்வார்கள்.

இரண்டு பக்கமும் பிளவு என்றால்

நடு எலும்புத் துண்டு ஆடுவதால், எலும்பு வைத்த பிறகு அது அசையாமல் இருக்கக் கெட்டியான கம்பியோ பிளேட்டோ பல வாரங்களுக்குத் தேவை, கழற்றக்கூடாது. ஒவ்வொரு தடவை கடிக்கும்போதும் அது அசைந்தால் உள்ளே எலும்பு சேரவே சேராது. சிலர் இரண்டு பக்கத்தையும் ஒரே நாளில் செய்வார்கள், சிலர் நடுத் துண்டுக்கு ரத்த ஓட்டம் குறையும் என்று யோசித்து ஒவ்வொரு பக்கமாக இரண்டு தடவை செய்வார்கள். இரண்டு வழியும் நடைமுறையில் இருப்பவைதான், உங்கள் குழு எதைச் செய்கிறது, ஏன் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இது எதைச் சரிசெய்யாது

மூக்கால் பேசும் பேச்சு இதனால் மாறும் என்று நம்பி ஏமாற வேண்டாம். முன்பக்க ஓட்டை வழியாகக் காற்றுப் போவது நிற்கும், அதனால் சில ஒலிகள் தெளியலாம். ஆனால் மூக்கொலி பெரும்பாலும் அண்ணத்தின் பின்பகுதி தொண்டையிலிருந்து மூக்குக்குப் போகும் வழியைச் சரியாக மூடாததால் வருவது, அதற்குப் பேச்சுப் பயிற்சியும் தேவைப்பட்டால் வேறு அறுவையும் இருக்கின்றன. மேல்தாடை பின்தங்கியிருந்தால் அதையும் இது முன்னே கொண்டுவராது. அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு வளர்ச்சி நின்றபின், பதினாறு பதினெட்டு வயதுக்கு மேல், தாடையையே நகர்த்தும் அறுவை பற்றிப் பேசுவார்கள். ஈறில் எலும்பு ஏற்கெனவே சேர்ந்திருந்தால் அப்போது மேல்தாடையை ஒரே துண்டாக நகர்த்த முடியும், அந்த வேலை எளிதாகும்.

அதனால் எக்ஸ்ரே, ஸ்கேன், அறுவைக் குறிப்பு எல்லாவற்றிலும் ஒரு நகல் வாங்கிப் பத்திரமாக வையுங்கள். எந்தத் தேதியில், எங்கிருந்து எடுத்த எலும்பு, எந்தப் பல் எடுக்கப்பட்டது என்பது அதில் இருக்க வேண்டும். பத்து வருடம் கழித்து இம்பிளான்ட் வைப்பவரோ தாடை அறுவை செய்பவரோ முதலில் கேட்பது அதைத்தான், அப்போது பழைய மருத்துவமனையில் போய்த் தேடுவது லேசான காரியம் இல்லை.